சனிக்கிழமைகளில் மட்டும் நன்றாக வந்த லைன்

வீட்டு வைஃபை ஏன் ஒரு நேரம் பறக்கிறது, ஒரு நேரம் நொண்டுகிறது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் அரை மணி நேரம் விடாமல் பேசுவேன். பக்கத்து வீட்டு ரவுட்டரும் நம் வீட்டு ரவுட்டரும் ஒரே சேனலில் முட்டிக்கொள்வது, மைக்ரோவேவ் அடுப்பு சுற்றும்போது சிக்னல் தடுமாறுவது, இரவு எட்டு மணிக்கு மேல் தெருவே சேர்ந்து படம் பார்ப்பது, நடுவில் நிற்கும் கான்கிரீட் சுவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஆனால் சென்ற வருடம் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அது என் மாமனார்.

எங்கள் வீடு கிள்ளானில் இருக்கிறது. மாடி வைத்த வரிசை வீடு. மனைவி ஷா ஆலமில் ஆசிரியை, காலை ஆறரைக்கே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மகள் பினாங்கில் தங்கிப் படிக்கிறாள். நான் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் ஒரு லிஃப்ட் நிறுவனத்துக்கு வரைபடம் போடுகிறவன். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் என் அலுவலகம்.

மாமாவுக்கு எழுபத்து நான்கு வயது. ரயில்வே பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை தவறிய பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று மனைவி பிடிவாதம் பிடித்து, தீபாவளி முடிந்த கையோடு அவரை இங்கே அழைத்து வந்தாள். இரண்டு பெட்டி, ஒரு டேப்லெட், ஒரு பட்டன் போன். அவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது.

அந்த டேப்லெட் அவருடைய அண்ணனைத் தினமும் பார்ப்பதற்காக வாங்கியது. அண்ணன் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் மகனோடும் மருமகளோடும் இருந்தார். நாங்கள் அவரைப் பெரிய மாமா என்போம். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பேச முடியாதவரிடம் போனில் என்ன பேசுவது? அதனால் காலை பத்து மணி ஆனால் மாமா ஹாலில் உட்கார்ந்து வீடியோ போடுவார். அந்தப் பக்கம் மருமகள் இன்னொரு டேப்லெட்டைப் பெரிய மாமாவின் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மாமா அன்றைய தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுவார். மரண அறிவிப்புகளை மட்டும் நிதானமாக, முழுப் பெயரோடும் வயதோடும் படிப்பார். "இவன யாருன்னு தெரியுதா, லோக்கோ ஷெட்டுல நம்மகூட இருந்தானே" என்பார். சில நாள் தேநீர்க் குவளையைக் கேமராவில் காட்டி, "ஏலக்கா போட்டது, உனக்குக் கெடையாது" என்று சீண்டுவார். பெரிய மாமா இடது கையைத் தூக்குவார். அதுதான் பதில். ஒரு மணி நேரம் இப்படிப் போகும்.

எனக்குப் பத்தேகாலுக்குக் கூட்டம்.

கூட்டத்தில் பாதி நேரம் நான் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நிற்பேன். "ஹலோ, கேக்குதா? உங்க லைன் பிரேக் ஆகுது" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் முன்னால் லிஃப்ட் குழியின் அளவை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அறுந்தது. கடைசியில் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் ஒருத்தி, "பரவால்ல அண்ணே, நான் சொல்லிக்கிறேன்" என்று எனக்காகப் பேசி முடித்தாள். அன்று முழுவதும் எரிச்சல். நான் எரிச்சல் வந்தால் கத்துகிற ஆள் இல்லை. அளந்து பார்க்கிற ஆள். தொழில் அப்படி.

வேகத்தைச் சோதிக்கும் செயலியைப் போனில் இறக்கி, ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். நாள், மணி, வேகம், மாமா டேப்லெட்டில் இருக்கிறாரா இல்லையா. ஆமாம், அப்படியே ஒரு கட்டம் போட்டிருந்தேன். திங்கள் பத்து மணி: மோசம், மாமா இருக்கிறார். செவ்வாய் பத்து மணி: மிக மோசம், மாமா இருக்கிறார். சனிக்கிழமை காலை மட்டும் எண் விறுவிறுவென்று ஏறியது. சனிக்கிழமைகளில் மாமா எட்டு மணிக்கே கிளம்பி, கம்யூட்டர் ரயில் பிடித்து அண்ணனை நேரில் பார்க்கப் போய்விடுவார். வீட்டில் நான் மட்டும். ஹாலில் இருக்கும் அரோவானா மீன் தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, புதுத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைக்கும் இடைவெளியில் என் அறைக்குப் போய் வேகத்தைப் பார்ப்பேன். அருமையாக இருக்கும்.

நான்கு சனிக்கிழமை தொடர்ந்து அப்படி வந்தது. வேறென்ன வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு.

மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், "எங்கப்பா ஒருத்தரு எவ்ளோ லைன் தின்னுருவாரு?" என்று ஒரே வரியில் என் நோட்டை மூடியிருப்பாள். அதனால் அவள் பள்ளிக்குப் போன பிறகு, காலைப் பசியாறும் நேரத்தில், நேராக அவரிடமே போனேன். அவர் பத்திரிகையை மடித்து, பத்து மணிக்கென்று தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"பத்து மணிக்கு நீங்க பேசுறீங்கல்ல, அதே நேரத்துல எனக்கு மீட்டிங். வீடியோ ஓடுனா என் லைன் போயிருது. பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாமா?"

அவர் பத்திரிகையை ஒருமுறை பார்த்தார். "மாப்பிள்ளைக்கு வேலதானே முக்கியம். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அவர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். மகள் வீட்டில் வந்து தங்கிய தகப்பன் அவர். வந்த புதிதில் நான் ஹாலுக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். "உக்காருங்க மாமா" என்று நூறு தடவை சொன்ன பிறகுதான் அது நின்றது. குளிர்பெட்டியைத் திறக்கக்கூட "எடுத்துக்கவா" என்று கேட்கிறவர். மருமகனிடம் முகம் சுளித்தால் அது மகளின் தலையில் விடியும் என்று பயப்படுகிற தலைமுறை. அந்தப் பயத்தின் மேல் காலை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் அத்தனை பணிவாகப் பேசினேன். பணிவாகப் பேசிவிட்டோம் என்று பெருமை வேறு.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய மாமாவுக்கு மாத்திரை கொடுப்பார்கள், அவர் தூங்கிவிடுவார், காலையில் இரண்டு மணி நேரம்தான் அவருக்குத் தெளிவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மாமா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாளிலிருந்து ஹாலில் சத்தமே இல்லை. டேப்லெட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். பத்து மணிக்குப் பத்திரிகையை மனசுக்குள் படித்தார். என் லைன் சரியாகிவிட்டதென்றே இரண்டு நாள் நம்பினேன். மூன்றாம் நாள் மறுபடியும் உறைந்தேன்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். நான் அறைக்கதவைச் சாத்திய பிறகு மாடியில் ரகசியமாகப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. ரவுட்டரின் செயலியைத் திறந்தேன். வீட்டில் இணைந்திருக்கும் கருவிகளெல்லாம் அதில் வரிசையாகத் தெரியும். பிள்ளைகள் பாடம் படிக்காமல் விளையாடினால் தடுப்பதற்காக, ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். மாமாவின் டேப்லெட்டுக்குப் பக்கத்தில் இருந்ததைத் தட்டினேன். சிவப்பானது. யாருக்கும் சொல்லவில்லை. ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகும் லைன் அறுந்தது. சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுத்துவிட்டு, ஆள் வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். சிவப்பை மட்டும் எடுக்கவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை. கூட்டத்தின் நடுவில் ஹாலில் பட்டன் போன் அடித்தது. மாமா பேசினார், என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அலமாரி திறக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து என் அறை வாசலில் காலடி வந்து நின்றது. கதவுக்கு அடியில் அவருடைய நிழல் தெரிந்தது. தட்டுவார் என்று நினைத்தேன். தட்டினால் எரிந்து விழக் கூடாது என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் தட்டவில்லை. நிழல் போய்விட்டது. பிறகு முன்கேட் திறந்து மூடிய சத்தம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மேசைமேல் டேப்லெட் கிடந்தது. திரையில் நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்று என்ன நடந்தது என்பதைப் பெரிய மாமாவின் மருமகள்தான் பிறகு சொன்னாள். காலையிலிருந்து அவருக்கு மூச்சு ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அந்த நேரத்திலும் அவர் இடது கையால் டேப்லெட்டைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார். அவள் உடனே போன் போட்டு, "சின்ன மாமா, அவரு டேப்லெட்டையே கேக்குறாரு. கொஞ்சம் மொகத்தக் காட்டுங்க" என்றிருக்கிறாள். மாமா இங்கே முயன்று பார்த்து, முடியாமல், ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார். கிள்ளானிலிருந்து ரயில் உடனே கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் அடுக்குமாடி வாசலில் போய் நின்றபோது ஆம்புலன்ஸ் புறப்பட்டுப் போயிருந்தது. மருத்துவமனையில் பெரிய மாமா கண் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

அந்த இருபது நிமிடம் ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

சாவு வீட்டில் கூட்டம் நிறைய. ரயில்வேயில் கூட வேலை பார்த்த கிழவர்கள் பலர் வந்திருந்தார்கள். கீழே, கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு நாற்காலிகள். வந்தவர்கள் எல்லோரும் மாமாவிடம் அதையே கேட்டார்கள், "டெய்லி பேசுவீங்களே, கடைசியா பேசுனீங்களா?" என்று. அவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். "இல்லீங்க. டேப்லெட்டு கெட்டுப்போச்சு. நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. நமக்கு எங்க அதெல்லாம் வெளங்குது."

நான் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளித் தண்ணீர் போத்தல் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாறு பேரிடமாவது அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டேன். ஒருமுறை என் மனைவிகூட, அழுது வீங்கிய முகத்தோடு, "ஏம்ப்பா, இவருகிட்ட காட்டிருக்கலாமே, ஒரு நிமிசத்துல சரி பண்ணிருப்பாரே" என்று என்னைக் கை காட்டினாள். மாமா, "மாப்பிள்ளைக்கு மீட்டிங்" என்றார். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். செராஸில் தகனம் முடிந்து திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்டும்போது எதற்கு என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் சாக்குகளுக்குக் குறைவில்லை.

செயலியைத் திறந்து அந்தச் சிவப்பை எடுத்துவிடவாவது செய்தேனா என்றால், அதுவும் இல்லை. எடுக்கப் போனால் போட்டவன் நான்தான் என்று எனக்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் செயலியின் பக்கமே போகவில்லை. கோழைத்தனம் என்பதற்கு வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சேவை நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். புகார் கொடுத்ததையே நான் மறந்திருந்தேன். காலை ஒன்பது மணி, மனைவி பள்ளிக்குப் போயிருந்தாள். முப்பது வயது சொல்லலாம், நம் தமிழ் ஆள்தான், மோட்டார் சைக்கிளில் வந்தவர். ஹாலில் நுழைந்ததும் ரவுட்டரைத் தேடினார். காணவில்லை. தொட்டிக்குப் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் சிரிப்பு.

"பாஸ், இத யாரு இங்க வெச்சது?"

"நான்தான். தீபாவளிக்குத் திறந்த இல்லம் வெச்சு எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டோம். ஆளுங்க வருவாங்க, வயரெல்லாம் அசிங்கமா தெரியுதுன்னு உள்ள தள்ளி வெச்சேன்."

"தொட்டி எத்தன அடி?"

"ஆறு."

"தண்ணி சிக்னல குடிச்சிரும் லா பாஸ். நீங்க பின்னாடி ரூம்ல, ரவுட்டர் முன்னாடி, நடுவுல இவ்ளோ தண்ணி. எப்படி வரும்?"

நான் விடவில்லை. "சனிக்கிழமை மட்டும் நல்லா வருது" என்றேன்.

"சனிக்கிழம என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி மாத்துவேன்."

"பாதி எறக்குவீங்களா? அதான். எறங்குன எடத்து வழியா சிக்னல் வருது." அவர் ரவுட்டரை வெளியே எடுத்து, டிவிக்கு மேலே இருந்த தட்டில் உயரமாக வைத்தார். என் அறைக்குப் போய்த் தன் போனில் சோதித்துக் காட்டினார். சனிக்கிழமை எண்ணைவிட அதிகம். வரிசை வீடு என்பதால் பக்கத்து வீடுகளோடு சேனல் முட்டுகிறது, அதையும் மாற்றித் தருகிறேன் என்றார்.

"வீட்ல ஒருத்தரு வீடியோ கால் பேசுனா லைன் போயிருமா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. போய்விடும் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"ஒரு காலா? உங்க பேக்கேஜுக்கு அது ஒண்ணுமே இல்ல பாஸ். பத்துப் பேரு பேசலாம்."

லைன் பத்து மணிக்கு மட்டும்தான் மோசம் என்பதில்லை. நாள் முழுக்க மோசமாகத்தான் இருந்திருக்கிறது. வார நாட்களில் மாமா பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மட்டுமே நான் அளந்தேன்.

சேனலை மாற்ற அவர் என் போனை வாங்கிச் செயலியைத் திறந்தார். மாமா அந்த நேரத்தில்தான் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போயிருக்கலாம். உயரத்தில் வைத்த ரவுட்டரை வேடிக்கை பார்த்தபடி நின்றார்.

"பாஸ், இங்க ஒரு டேப்லெட்ட பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றார் வந்தவர். "இந்தப் போன்லேர்ந்துதான் பண்ணிருக்கு. தெரிஞ்சு பண்ணுனதா?"

நான் தரையைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கிறார் என்பது தலையைத் தூக்காமலே தெரிந்தது.

"அது என்னோட டேப்லெட்டு தம்பி" என்றார் மாமா. "நாந்தான் மாப்பிள்ளைகிட்ட அடச்சி வெக்கச் சொன்னேன். வயசான காலத்துல எந்நேரமும் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், கண்ணு வலி."

"அப்படியா அங்கிள். இப்ப தொறந்து விடவா?"

"வேணாம் தம்பி. அதுல பேசுறதுக்கு இருந்த ஆளு போயிட்டாரு. நீங்க டீயக் குடிங்க, ஆறிரும்."

வந்தவர் தேநீரைக் குடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கேட்டை மூடிவிட்டு உள்ளே வந்தேன். மாமா காலிக் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா, அந்த டேப்லெட்டு" என்று ஆரம்பித்தேன்.

அவர் குழாயை மூடினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"மீட்டிங்குக்கு நேரமாச்சு மாப்பிள்ளை. போங்க" என்றார்.

நானும் போனேன்.